சூளையிலிருந்து வந்த வெள்ளை வில்லைகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் விருத்தாசலத்தில் இறங்கினேன். என் தோழி சங்கரியை ஓசூருக்கு அழைத்துப்போக வந்திருந்தேன். திங்கள்கிழமை அவள் எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும்.

2. அவளுடைய மாடித்தோட்டத்தைப் பார்த்தேன். அவ்வளவு அழகான தோட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

3. சனிக்கிழமை சூளையைத் திறந்தார்கள். சங்கரி செய்திருந்த வில்லைகள் வெளியே வந்தன.

4. எல்லோரும் சிரித்தார்கள்.

5. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக பஸ் ஏறினேன்.

மற்றதெல்லாம் இவற்றுக்கு இடையில் நடந்தது.

ரயில் தாமதம். ஜங்ஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தவர், மடியில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு மல்லிகைக் கன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார்.

"அங்க ரூம்ல ஏசி தண்ணி சொட்டுற எடத்துல நெய் டின்ன வச்சு கொத்தமல்லி போட்டேன் பாப்பா. மொளச்சுது. பக்கத்து ரூம்காரனுங்கல்லாம் வந்து பாத்துட்டுப் போனானுங்க. வூட்டுக்கு போன் பண்ணி சந்தோஷமா சொன்னா, 'சம்பாதிக்கப் போனீங்களா, வெவசாயம் பண்ணப் போனீங்களா'ன்னு கேக்குது."

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். கன்றின் மேல் வெயில் படாமல் கையை மட்டும் குடையாக வைத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் ஆட்டோ நின்றது. சாலையை மறித்துப் பந்தல் போட்டு, அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "வழி வுட நேரமாவும். எறங்கி ஆளுக்கு ஒரு சொம்பு குடிங்க" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றார். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கடித்துக்கொள்ள வெங்காயம். ஓசூரில் எங்கள் கேன்டீனில் இதையே காகிதக் கோப்பையில் ஊற்றி 'ராகி மால்ட்' என்று எழுதி வைப்பார்கள். அதைக் குடித்துவிட்டு யாரும் இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. இங்கே நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சங்கரியும் நானும் கோயம்புத்தூரில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்து படித்தவர்கள். அளவீட்டுக் கருவிகள் பற்றிய படிப்பு. வெப்பம், அழுத்தம், ஓட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது எங்கள் தொழில். இருவரும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் திட்டக்குடிப் பெண். இரண்டு வருடங்களுக்கு முன் விருத்தாசலத்தில் கல்யாணமாகி வேலையை விட்டாள். கணவர் முருகவேல் வீட்டாருக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறை. கொலுவுக்குக் கிருஷ்ணரும் தசாவதாரமும், மற்ற நாட்களில் கப்பும் அகல் விளக்கும்.

இந்த வருடம் எங்கள் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியானது. நான் சங்கரிக்குச் சொன்னேன். போனில் நேர்காணல் நடந்தது, அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. சனி ஞாயிறு வந்து போகலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். முருகவேல், "ஒன் இஷ்டம்" என்றாராம். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அது மாடித்தோட்டத்தைப் பற்றியது.

வாசலிலேயே மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வா பாப்பா. இப்பிடி எளச்சிட்டியே, ஓசூர்ல சோறே போட மாட்டாங்களா?"

எதிர்வீட்டு அம்மா மாடிப்படியில் இருந்தபடி குரல் கொடுத்தார். "என்னாக்கா, ஆடிக்குப் பொண்ணழைக்க வந்திருக்காங்களா?"

"ஆமாங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கத் தயாராக இருக்கும் தெரு அது.

சங்கரி என்னைப் பையோடு நேராக மாடிக்கு இழுத்துப்போனாள்.

சூளையில் பழுதாகிப்போனவைதான் அவளுடைய தொட்டிகள். சூட்டில் தும்பிக்கை வளைந்த யானையின் முதுகில் புதினா. மூக்கு கரைந்த செட்டியார் பொம்மைக்குப் பின்னால் மணி பிளான்ட். விரிசல் விட்ட கை கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அல்லி வளர்த்திருந்தாள், அதில் மீன்குஞ்சுகள். மின்கம்பத்துக்குச் செய்து தேறாமல் போன பீங்கான் குமிழ்கள் பாத்திகளுக்கு வரப்பாக நின்றன. பீங்கான் மணிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதி, டம்ளரில் ஸ்பூன் தட்டுவது போல் சத்தம் வந்தது. பொன்னாங்கண்ணி, வெண்டை, பிரண்டை, சங்குப்பூ, தூதுவளை, பெயர் தெரியாத இன்னும் பல. துணிக்கொடியின் ஒரு முனையில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது.

"அந்தக் கொடியில துணி போடுறதில்ல. அத்தை மொணமொணன்னாங்க. அப்புறம் அவங்களே யாரையும் கிட்ட வுடுறதில்ல" என்றாள்.

"செடிங்ககிட்ட பேசுவியாடி?"

"பேசறதென்னா, திட்டுவேன். இந்த வெண்டையத் திட்டினாத்தான் காய்க்குது."

ஓசூரைச் சுற்றிலும் ரோஜா வளர்க்கிறார்கள். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் நிற்கும். தினமும் அந்தப் பக்கமாகத்தான் பஸ்ஸில் போகிறேன். ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை. இங்கே வளைந்த தும்பிக்கையின் அடியில் முளைத்திருந்த புதினாக் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ரயிலின் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

அங்கே வைத்துத்தான் வில்லைகளைப் பற்றிச் சொன்னாள்.

மாமியாரின் நிபந்தனை இதுதான். "நீ பாட்டுக்குப் போயிடுவ. எனக்கு ரோசாவயும் கத்தரியயும் வுட்டா ஒண்ணுந் தெரியாது. எதுக்குத் தண்ணி, எதுக்கு வெயிலுன்னு தெரியாம நான் இதச் சாவடிச்சிட்டா, மருமவ போனதும் மாடி காஞ்சிபோச்சுன்னு தெருவே பேசும். அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போ."

சங்கரி வழி பண்ணியிருந்தாள். பட்டறைக் களிமண்ணைத் தட்டிப் பரப்பி, டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டி, காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் நீல மார்க்கரால் எழுதினாள். முன்பக்கம் செடியின் பெயர். பின்பக்கம், அதற்கு எவ்வளவு வெயில், எப்போது தண்ணீர். ஒரு செடிக்கு ஒரு வில்லை. மழை வெயிலில் அழியாமல் இருக்க பீங்கானாகவே சுட்டுவிடுவது என்று முடிவு.

பட்டறைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. சூளைக்குள் தள்ளும் வண்டியில் பொம்மைகளை அடுக்கிய பிறகு மிஞ்சும் சந்துகளில் வீட்டுப் பெண்கள் தங்களுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளலாம். கோலப்பொடிக் கிண்ணம், உப்பு ஜாடி, ஏதாவது. நெருப்புக்கு அதனால் கூடுதல் செலவு இல்லை. இந்த முறை சந்து முழுக்க சங்கரியின் வில்லைகள். முருகவேலே மேல்பூச்சில் முக்கி, தன் கையாலேயே அடுக்கினாராம். நான் போய்ச் சேர்ந்தபோது சூளை ஆறிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் சாயங்காலம் ஒக்காந்து எழுதினேன். அவரும் டீயை வச்சிக்கிட்டு பக்கத்துலயே இருப்பாரு. எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா" என்றாள்.

அறையில் அவளுடைய பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் மாடியில் பறித்த கீரை மசியல், வெண்டைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு. கூட்டில் முந்திரியை அள்ளிப் போட்டிருந்தார்கள். கரூரில் எங்கள் வீட்டில் முந்திரி என்றால் பாயசத்தில் மட்டும், அதுவும் அம்மா எண்ணித்தான் போடுவார். இங்கே ஊரைச் சுற்றி முந்திரித் தோப்பு. முருகவேல் எனக்கு மறுபடியும் மறுபடியும் பரிமாறச் சொன்னார். அமைதியான மனிதர். மண் மூட்டைகளையெல்லாம் மாடிக்குச் சுமந்து ஏற்றியவர் அவர்தான். "இவ கை பட்டா காஞ்ச குச்சிகூடத் துளுக்குதுங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை நான்கு பேருமாகப் பட்டறைக்குப் போனோம். அந்தப் பகுதியில் எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளைத் தூசி படிந்திருக்கிறது. கூரை, சைக்கிள், வேப்பிலை, நாயின் முதுகு. சூளை வாயைத் திறந்து வண்டியை வெளியே இழுத்தார்கள். முகத்தில் அனல் வந்து மோதியது. வரிசை வரிசையாகக் கிருஷ்ணர்கள் நின்றார்கள். கண்ணும் உதடும் இனிமேல்தான் வரைய வேண்டும்.

பட்டறையில் நெடுநாளாக வேலை செய்யும் மல்லிகா அக்கா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சந்துகளிலிருந்து வில்லைகளை எடுத்து ஒரு தட்டில் போட்டார். நல்ல பளபளப்பு. ஓரங்கள் கோணவில்லை. ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஒன்றில்கூட எழுத்தும் இல்லை.

சங்கரி ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததைத் திருப்பிப் பார்த்தாள்.

"எதுல எழுதின கண்ணு?" என்றார் மல்லிகா அக்கா.

"மார்க்கர்லக்கா."

"அடியம்மா! பேனா மை சூளையில நிக்குமா? அதுக்குன்னு நீலப்பொடி இருக்குதே, கப்புல பூப் போடுறமே." பிறகு முருகவேலைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீதான அடுக்கின? ஒனக்குக் கண்ணு தெரியல?"

முருகவேல் கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். "தெரியும். ஆசையா எழுதிக்கிட்டிருந்தா. சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு வுட்டுட்டேன்."

"பாசத்தப் பாருடி! எங்கூட்டு ஆளா இருந்தா அங்கியே மானத்த வாங்கியிருக்கும்" என்றார் மல்லிகா அக்கா. மாமியார் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். களிமண் கரைத்துக்கொண்டிருந்த ஒடிசாக்காரர்கள் இருவர் இந்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த இந்தியில் அது, "அண்ணி எழுதினது புகையாக மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, இனி சாமிதான் படிக்க வேண்டும்." அவர்களும் சிரித்தார்கள். சங்கரியும் சிரித்தாள். சிரித்தபடியே தட்டில் இருந்த ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து முடித்தாள்.

உலை வெப்பத்தைப் பற்றித் தேர்வு எழுதிப் பாஸானவர்கள் நாங்கள் இருவரும். பேனா மை எத்தனை டிகிரி தாங்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. நம்பிக்கையான ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் அப்படி யோசிக்கத் தோன்றாது.

மத்தியானம் சாப்பிடும்போது மாமியார், "சரி வுடு. அடுத்த சூளையில நீலப்பொடியிலயே எழுதிப் போட்டுடலாம். ஆடியும் போவட்டும், கொலு ஆர்டரும் போவட்டும். ஆடியில யாராவது புதுசா வேலைக்குச் சேருவாங்களா?" என்றார். குரலில் துளியும் கடுமை இல்லை. தட்டில் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

எனக்கு உடனே தோன்றிய வழிகள்:

அ. எனாமல் பெயிண்டில் வில்லைகளின் மேலேயே எழுதுவது.

ஆ. தாளில் எழுதி டேப் ஒட்டுவது.

இ. ஒவ்வொரு செடியையும் போட்டோ எடுத்து, குறிப்போடு மாமியார் போனுக்கு அனுப்புவது.

எல்லாமே அன்று சாயங்காலத்துக்குள் முடிகிற காரியங்கள். கடைத்தெருவுக்கு நடந்தேன். பெயிண்ட் கடைக்காரர் கேட்டார்: "நீலமா? வண்டி நம்பர் பிளேட்டுக்கா?"

"இல்லீங்க, செடிக்கு."

"செடிக்கு எதுக்கும்மா பெயிண்ட்டு? அதுவே பச்சையாத்தான இருக்குது."

வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிறிய டப்பா ஒன்றும் மெல்லிய பிரஷ் இரண்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சங்கரி மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து தரையில் வைத்தேன்.

"வா, எழுதிடலாம். நீ சொல்லு, நான் எழுதறேன்."

"வேணாம்டி."

"இது காய ஒரு ராத்திரி போதும்."

"நித்யா." வாளியைக் கீழே வைத்தாள். "தெனமும் பக்கத்துல ஒக்காந்து பாத்தாரு. ஒன் எழுத்து அழகா இருக்குதுன்னாரு. பொன்னாங்கண்ணிக்கு எந்த 'ண'ன்னு கேட்டேன், அதக்கூடச் சரியா சொன்னாரு."

"அப்ப கோவப்படு. கெளம்பு."

"கோவந்தான்." கொஞ்ச நேரம் யானையின் முதுகில் இருந்து பழுத்த இலைகளைப் பொறுக்கினாள். "ஆனா இப்பத் தெரிஞ்சுபோச்சில்ல. நான் போனா யாரும் எதையும் புடுங்கிப் போட மாட்டாங்க. நல்லாவே தண்ணி ஊத்துவாங்க. கத்தாழைக்கும் ஊத்துவாங்க, கீரைக்கும் ஊத்துவாங்க, ஒரே மாதிரி. எல்லாம் அழுவினதும், 'பாசமாத்தான் பாத்துக்கிட்டோம், ஒன் கை மாதிரி வருமா'ம்பாங்க."

"செடி போனா வேற வச்சுக்கலாம்டி. வேலை போனா?"

"காலையில எழுந்திரிக்கறதுக்கு எனக்குன்னு இந்த ரெண்டு வருஷமா இருந்தது இது ஒண்ணுதான். இத அவங்க கையில குடுத்துட்டு வந்து, அங்க மீட்டரப் பாத்துக்கிட்டு ஒக்கார என்னால முடியாது."

"நீ சந்தோஷமா இருக்கியா இங்க?"

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இங்க, மாடில, இருக்கேன். கீழ எறங்காத வரைக்கும்."

அந்த நிமிடம் அந்தத் தோட்டத்தை வெறுத்தேன். புதினாவை, அல்லியை, ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த அந்த மணிகளை, எல்லாவற்றையும். சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சியைக் காணுங்கள், ஒரு தொட்டி வையுங்கள், கையால் ஏதாவது செய்யுங்கள் என்று போனைத் திறந்தால் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சொல்வது பொய் இல்லை. நானே முதல் நாள் அந்த மாடியில் அதை அனுபவித்தேன். ஆனால் பழுதான யானை ஒன்றும் ஒரு மூட்டை மண்ணும் கொடுத்தால் போதும், ஒரு பொறியாளரை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். சத்தம் போட வேண்டியதில்லை, கதவைப் பூட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் டீயோடு உட்கார்ந்திருந்தால் போதும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. பெயிண்ட் டப்பாவை மூடினேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டாள். இருட்டும்வரை இருவருமாகத் தண்ணீர் ஊற்றினோம். எதற்கு எவ்வளவு என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை முருகவேல் தன் பைக்கில் என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். மாமியார் கொடுத்தனுப்பிய முந்திரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"ஏங்க சொல்லல?"

அவர் நடிக்கவில்லை. எதைக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. பைக்கின் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூசியை விரலால் துடைத்தார்.

"நான் என்னாங்க தப்பு பண்ணேன்? போவாதன்னு சொன்னனா? ஒரு வார்த்த எதிர்த்துப் பேசினனா? கேட்டுப் பாருங்க அவள."

"இல்ல. பேசல."

"அவ போறது எனக்குப் புடிக்கலதான். அத வாயத் தொறந்து சொன்னா நான் கெட்டவனாயிடுவேன். படிச்ச பொண்ணக் கட்டி வூட்டுல வச்சிருக்கான்னு நீங்களே பேசுவீங்க." விரலில் ஒட்டிய தூசியை ஊதினார். "இப்ப அவளே இருக்கறேன்னுட்டா. நான் என்னா செய்யட்டும்?"

"போயிட்டு வரேங்க" என்று மட்டும் சொன்னேன். "நல்லபடியா போயிட்டு வாங்க. அடுத்த வாட்டி கொலுவுக்கு வாங்க" என்றார். உண்மையாகத்தான் அழைத்தார்.

ஊரைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பஸ்ஸின் பின்சக்கரம் பஞ்சர். எல்லோரும் இறங்கினார்கள். செம்மண், தாழ்ந்த கிளைகள், நல்ல நிழல். ஒரு குடும்பம் துண்டை விரித்துப் புளிசோறு பிரித்தது. ஒரு பெண் காட்டுப்பூ பறித்துக் குழந்தையின் தலையில் வைத்தாள். "இந்தக் காத்துக்கே பஞ்சராவலாம்யா" என்று யாரோ சொன்னார். இதையெல்லாம் ரசிப்பவள்தான் நான். அன்று சாலையைப் பார்த்தபடி வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இப்போதைய நிலை: அந்த இடத்துக்கு சேலத்துக்காரர் ஒருவர் சேர்ந்துவிட்டார். வேலை தெரிந்தவர், அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. சங்கரி விருத்தாசலத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுகிறோம். எது பூத்தது, எது காய்த்தது என்று சொல்கிறாள், கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் அடுத்த மாதம் இன்னோர் இடம் காலியாகிறது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.